கியா பார்மில் ஒரு படைக்கொட்டில்

தம்பி, போன செவ்வாய்க்கிழமை உன் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய முகக்கவசம்தான். மழை ஓய்ந்த நேரம். சந்தைப் பக்கமிருந்து அவித்த சோளத்தின் வாசனை வந்துகொண்டிருந்தது. நான் அந்தக் கவசத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாய்! கண்ணாடியின் மேல் கடைக்காரன் ஒட்டிக் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூட உரியவில்லை. பக்கத்து ஆணியில் தோல் கையுறை ஒரு ஜோடி. இரண்டையும் சேர்த்துக் கட்டிய வெள்ளை நூல் அறுபடாமல் இருக்கிறது. கீழே தீயணைப்பான், செக்கச்செவேலென்று. சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் மூன்றிலும் காய்ந்து ஒட்டியிருந்தன. கவசத்துக்கு ஒரு பூச்சரமும் போட்டிருக்கிறாய். சரம் சருகாகிவிட்டது, கவசம் மட்டும் வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கிறது.

ஔவை நினைவுக்கு வந்தாள். தகடூர் அதியமானுக்காகத் தூது போன அவளைத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அங்கே பிறந்தது. உன் ஆயுதங்களுக்குப் பீலி சூட்டி, மாலை போட்டு, காம்பைத் திருத்தி, நெய் பூசிக் காவலோடு வைத்திருக்கிறாய், அதியமானுடைய வேல்களோ எதிரியைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சின்னப் பட்டறையில் கிடக்கின்றன என்று அவள் பாடினாள். வஞ்சப்புகழ்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாட்டில் பொய் ஒன்றுகூட இல்லை என்பதை நான் வயதான பிறகுதான் கவனித்தேன். கண்டதைக் கண்டபடி சொன்னாள், அவ்வளவுதான். நானும் உன்னை அப்படியே புகழப் போகிறேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. படித்து முடிக்கும்வரை கோபப்படாதே.

முதலில் உன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கேமரன் மலையில் அதுபோல் ஒரு கை இல்லை. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் லேண்ட் ரோவர் வைத்திருக்கிற தோட்டக்காரர்கள் எல்லோரும் உன்னிடம்தான் வருகிறார்கள். 1948இல் அந்த வண்டி பிறந்தபோது இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியத்தில் செய்து, சேசியை மட்டும் எஃகில் வைத்தார்கள். கேமரன் மலையின் மழைக்கும் சேற்றுக்கும் அலுமினியம் தாக்குப்பிடித்தது, சேசி துருப்பிடித்தது. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றி அறுபது எழுபது வருடமாக ஓடுகிற வண்டிகளை இன்னும் ஓடவைப்பவர்கள் உன்னைப் போன்றவர்கள். கேஸ் கட்டிங் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆக்சிஜன் எஃகை எரித்து வெட்டும்; அலுமினியத்திடமும் எவர்சில்வரிடமும் அதன் ஜம்பம் சாயாது. மின்சாரம் ஓடுகிற எதையும் வெட்டுகிற பிளாஸ்மா வந்த பிறகுதான் அலுமினியப் பலகை, எவர்சில்வர் மருந்துத் தொட்டி, துருப்பிடித்த சேசி மூன்றையும் ஒரே கருவியால் தொட முடிந்தது. நீ சாக்பீஸ் கோட்டின் மேல், தாங்கு கட்டை இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்கிற அந்த வெட்டு கத்தியால் வெண்ணெயை அறுத்த மாதிரி இருக்கிறது. ஓரத்தில் கசடுகூட ஒட்டுவதில்லை.

அந்தக் கையில் இருப்பது என்ன என்று உனக்குத் தெரியும், உன் பட்டறைப் பையன்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். 1957இல் அமெரிக்காவில் ராபர்ட் கேஜ் என்பவர் காப்புரிமை வாங்கிய சங்கதி அது. காற்றை ஒரு சின்னத் துளை வழியாக நெருக்கி அனுப்பி, அதற்குள் மின்சாரத்தை ஓடவிட்டால் காற்றே மின்சாரம் கடத்துகிற தீயாக மாறுகிறது. எஃகு உருக 1,500 டிகிரி போதும். இந்தத் தீயின் நடுப்பகுதி 20,000 டிகிரியைத் தொடும். சாதாரண வெல்டிங் மெஷினில் சும்மா இருக்கும்போது அறுபது எழுபது வோல்ட் நிற்கும். பிளாஸ்மா டார்ச்சில் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. சாதாரண வெல்டிங்கில் கைக்கு எட்டுகிற மின்சாரம் இவ்வளவு பெரியதில்லை.

இவ்வளவு பெரிய மின்சாரத்தையும் கண்டு நீ பயந்ததில்லை. டார்ச்சின் வாயில் இருக்கிற மூடி கழன்றிருந்தால் மெஷின் ஓடக்கூடாது என்று அதைச் செய்தவர்கள் உள்ளே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மூடி தேய்ந்துபோனது. புதிது வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் வேலை நிற்கக்கூடாது என்று நீ அந்தச் சுவிட்ச்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினாய். பத்து நிமிடத்தில் மெஷின் ஓடியது. படித்த எஞ்சினியருக்கு அரை நாள் பிடித்திருக்கும். அந்த டேப் இன்னும் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு சுற்று, அதன் மேல் இன்னொன்று. டார்ச் நுனியிலுள்ள நாஸிலை மாற்றும்போது மெயின் சுவிட்ச்சை அணைக்கிற வழக்கமும் உன்னிடம் இல்லை. இரண்டு விரலால் திருகிக் கழற்றிப் புதியதைப் பூட்டி, நொடியில் வெட்டத் தொடங்கிவிடுகிறாய். உன் வேகத்துக்கு ஈடு கிடையாது. ஈரத் தரையில் சிலிப்பர் செருப்போடு நின்றுகொண்டு, விசையில் முழங்கை பட்டால் 250 வோல்ட் விரலில் இருக்கும் என்ற நிலையில் அவ்வளவு நிதானமாக வேலை செய்ய எனக்கு வராது.

உன் கண்களையும் புகழ வேண்டும். நீ ஆர்க் என்கிற அந்த மின்தீயைப் பார்க்காமல் வெட்டுகிறாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கி, பொறி பறக்கிற சத்தத்தை வைத்தே எவ்வளவு ஆழம் இறங்கியது என்று சொல்லிவிடுகிறாய். மிஞ்சிப் போனால் சந்தையில் பத்து ரிங்கிட்டுக்கு வாங்கின வெயில் கண்ணாடி. ஆம்பியரைப் பொறுத்து 5ஆம் எண்ணிலிருந்து 9ஆம் எண் வரை கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. 40 ஆம்பியரில் மெல்லிய தகடு வெட்ட 5 அல்லது 6 போதும். பெரிய மெஷினுக்கு 8, 9. வெயில் கண்ணாடி அந்தக் கணக்கில் முதல் படிக்கட்டையே தாண்டாது. நீ பார்க்காவிட்டாலும் ஆர்க் உன்னைப் பார்க்கிறது. வெயிலில் இருக்கிற புற ஊதா ஒளியைவிடக் கடுமையான ஒன்று பக்கவாட்டில் வந்து கண்ணின் மேல்தோலைச் சுடுகிறது. அலுமினியம் வெட்டும்போது தகடே கண்ணாடி மாதிரி அதைத் திருப்பி அடிக்கிறது. நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எதிரே தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன் எங்கே திருப்புவான்?

அந்தச் சூடு உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டாற்போல் எழுப்பும். நான் தேயிலை ஆலையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், டிரையர் அடுப்பின் ஓட்டையை வெல்டிங் வைத்த அன்று இரவு எனக்கு அப்படி ஆனது. லயத்தில் யார் வீட்டிலோ கைக்குழந்தை இருந்ததால் என் அம்மா ஓடிப்போய்த் தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கொடுத்தார். விடியும்வரை சுவரில் தலையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றிரண்டு நாளில் தானாகவே ஆறிவிட்டது. ஆறிவிடுகிறது என்பதனால்தான் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. உன் பையன் ஒருவன் மாதம் இரண்டு தடவை கண் சிவந்து வருகிறான். நீ அவனுக்குச் சொட்டு மருந்து நீயே வாங்கித் தருகிறாய். பெற்ற தகப்பன்கூட இவ்வளவு ஞாபகமாக வாங்கித் தரமாட்டான்.

உன் இரக்க குணத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது, ஏனென்றால் நீ நிஜமாகவே இரக்கமுள்ளவன்.

கியா பார்ம் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மூடுபனி இறங்கினால் எதிர் வரிசைக் கடை தெரியாது. சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவிலிருந்தும் பிரிஞ்சாங் மலை உச்சியிலிருந்தும் இறங்கி வருகிற காற்று எலும்பைத் துளைக்கும். உன் பையன்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். ஒருவன் நம் தோட்டத்துப் பிள்ளை. அவர்கள் குளிரில் நடுங்கக்கூடாது என்று இரும்புக் கதவை இழுத்து மூடி, அடியில் இருக்கிற இடுக்கில் சாக்கைத் திணிக்கிறாய். தீபாவளிக்கு ஆளுக்கொரு ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தாய். நைலான் ஜாக்கெட், உள்ளே பஞ்சு மாதிரி கம்பளி, நல்ல விலை. இந்த மலையில் வேலையாட்களைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற முதலாளியை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த மூடிய கதவுக்குள் நீங்கள் என்ன வெட்டுகிறீர்கள்? பூந்தோட்டத்துக் கூடாரங்களுக்குப் போடுகிற ஜிங்க் பூசிய குழாய். குழாயின் மேல் இருக்கிற துத்தநாகம் அந்தச் சூட்டில் வெள்ளைப் புகையாக எழும்புகிறது. அதை இழுத்தவனுக்கு அன்று ராத்திரி வாயில் இரும்பு கரைந்த மாதிரி இனிப்பும் கசப்புமாக ஒரு ருசி, பிறகு குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. மறுநாள், இல்லையென்றால் அதற்கு மறுநாள், விட்டுவிடும். வெள்ளைக்காரத் தொழிலாளிகள் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். தினமும் புகையில் நிற்கிற உடம்பு பழகிக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் பழக்கம் விட்டுப்போய்த் திங்கட்கிழமை மறுபடியும் வரும். சமவெளியில் இருக்கிற பட்டறையில் ஒருவன் போர்த்திக்கொண்டு நடுங்கினால் யாராவது கேட்பார்கள். நம் ஊரில் யார் கேட்பது? "மலைக்குளிர் ஒத்துக்கலை" என்று சொல்லி நீ இன்னொரு கம்பளி வாங்கிக் கொடுக்கிறாய், கதவை இன்னும் இறுக்கமாக மூடுகிறாய்.

எவர்சில்வர் தொட்டியை வெட்டும்போது வருகிற புகை காய்ச்சலோடு விடாது. அதில் குரோமியம் ஒரு கெட்ட உருவத்தில் வெளியே வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017இல் கூடி வெல்டிங் புகை முழுவதையும், வெல்டிங் ஆர்க்கின் புற ஊதா ஒளியையும் சேர்த்து, மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக உறுதியானவற்றின் முதல் வரிசையில் வைத்தது. இன்னொன்று: சேசியில் எண்ணெய் பிசுக்கைக் கழுவ நீ பிரேக் கிளீனர் அடிக்கிறாய். குளோரின் கலந்த வகை என்றால், அது முழுவதும் உலராமல் பக்கத்தில் ஆர்க் அடித்தால் அந்த ஆவி பாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் வீசிக் கொன்ற வாயு அது. கதவை மூடிய அறையில், குளிருக்காக.

அந்த ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தியும் தோலும் பொறி பட்டால் கருகும். நைலான் உருகி உடம்போடு ஒட்டும். உரித்தால் தோலோடு வரும். பையன்களிடம் போன வாரம் ஜாக்கெட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நெஞ்சிலும் முழங்கையிலும் மிளகு தூவின மாதிரி சின்னச் சின்னத் துளைகள். "அண்ணன் வாங்கிக் கொடுத்தது, அதனாலதான் தூக்கிப் போடலை" என்றான் ஒருவன். உன்மேல் அவ்வளவு பாசம்.

உன் சிக்கனத்தையும் விட்டுவிட முடியாது. எதையும் வீணாக்க மாட்டாய். தோட்டங்களில் காலியாகிற மருந்து டிரம்களையும் டீசல் பீப்பாய்களையும் வாங்கி, நடுவில் பிளந்து, உரம் கலக்கத் தொட்டியாகவும் கரி அடுப்பாகவும் விற்கிறாய். காலி டிரம் என்று ஒன்று உலகத்தில் இல்லை தம்பி. அடியில் ஒட்டியிருக்கிற ஒரு கரண்டி திரவம் சூட்டில் ஆவியாகி, காற்றோடு சரியான அளவில் கலந்தால் அந்த டிரம் வெடிகுண்டு. நீ இதுவரை எத்தனையோ டிரம் பிளந்திருப்பாய். ஒன்றும் வெடிக்கவில்லை. உன் ராசி நல்ல ராசி என்று சந்தையில் சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ராசியை நம்பி வெட்டுகிறவர்கள் எல்லோரும் கடைசி டிரம் வரைக்கும் ராசிக்காரர்கள்தான். வெட்டும் இடத்தைச் சுற்றி 11 மீட்டருக்குள் எரிகிற பொருள் எதுவும் இருக்கக்கூடாது, வெட்டி முடித்த பிறகும் அரைமணி நேரமாவது ஒருவன் நின்று பார்க்க வேண்டும் என்பது பல நாடுகளின் பட்டறைகளில் பழகின விதி. உன் பட்டறையின் மொத்த நீளமே 11 மீட்டர் இருக்காது. அதற்குள் டீசல் கேன், சாக்கு மூட்டை, பழைய டயர், பையன்கள் தூங்குகிற கட்டில்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ என்னிடம் சொல்லவில்லை. பையனே சொன்னான்.

மெல்லிய எவர்சில்வர் தகடு. கிளாம்ப் தேடினால் நேரம் ஆகும் என்று நம் தோட்டத்துப் பிள்ளையை இடது கையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னாய். அவன் கையில் துணிக் கையுறை, மழையில் நனைந்தது. தோல் கையுறை ஆணியில் இருந்தது. கோட்டின் முடிவில் தகடு துள்ளியது. பிளாஸ்மா தீ அவன் சுட்டுவிரல் நுனியைத் தாண்டிக்கொண்டு போனது. ரத்தம் அதிகம் வரவில்லை என்றான், வெட்டும்போதே சுட்டுவிட்டதால். நீ ஒரு கணமும் தாமதிக்கவில்லை. உன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாய். ஆனால் சனிக்கிழமை. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் கியா பார்ம் சந்தையிலிருந்து பிரிஞ்சாங் வரைக்கும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. சும்மா இருக்கிற நாளில் கொஞ்ச நேரத்தில் கடக்கிற தூரத்தை அந்தப் பிள்ளை விரலைப் பையில் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கடந்தான். பிறகு அங்கிருந்து ஈப்போவுக்கு. ராத்திரி முழுக்க நீ ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தாய். கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தாய். வேலைக்கு வராத நாட்களுக்கும் முழுச் சம்பளம் போட்டாய். அவன் அம்மா உன்னைத் தெய்வம் என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது, வீட்டில் புல் வெட்டும் மெஷினில் பட்டது என்று அவனைச் சொல்லச் சொன்னாய். அவனும் சொன்னான். அந்த ஒரு வார்த்தையால் அது வேலை விபத்து இல்லை என்று ஆகிவிட்டது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு நீ மாதா மாதம் ஒழுங்காகப் பணம் கட்டுகிறாய். வெளிநாட்டுப் பையன்களுக்கும் 2019 ஜனவரியிலிருந்து கட்டாயமான நாள் முதலே கட்டிவருகிறாய். 48 மணி நேரத்துக்குள் ஒரு தகவல் கொடுத்திருந்தால், குறைந்துபோன அந்த விரல் நுனிக்கு அவனுக்குச் சேர வேண்டிய பணம் சட்டப்படி வந்திருக்கும். உன் கைக்காசை நம்பி, உன் முகத்தைப் பார்த்து அவன் நிற்க வேண்டியிருந்திருக்காது. கட்டின காசை வாங்காமல் விட்டு, உன் சொந்தக் காசைக் கொடுத்த தாராளத்தை வேறு யாரிடம் பார்ப்பது!

சட்டத்தைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை, உனக்குத் தெரிய வேண்டியது மட்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சின்னப் பட்டறை, நாலு பேர்தான் என்று ஒதுங்க முடியாது. முதலாளி கடமை தவறினால் 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 500,000 ஆகிவிட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொரு பிரிவு: உயிருக்கு ஆபத்து என்று நியாயமாகப் பட்டு, முதலாளி அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம், அதற்காக அவனைத் தண்டிக்கக்கூடாது. உன் பட்டறையில் இதுவரை ஒருவன்கூட "முடியாது அண்ணே" என்று சொன்னதில்லை. பெருமையாக நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். அது உண்மைதான். அந்தச் சனிக்கிழமையும் அவன் சொல்லவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை தம்பி. ஏனென்று யோசித்துப் பார்த்தேன்.

நீ பதினாறு வயதில் ஆலைப் பட்டறைக்கு வந்தாய். ரோலர் மேசையின் அடியில் ஒரு தாங்கி உடைந்து, இலை வந்து குவிந்துகொண்டிருந்தது. இரவுக்குள் ஓடாவிட்டால் வாடின இலை எல்லாம் கெட்டுவிடும். கவசத்தை வைத்துக்கொண்டு உள்ளே தலை நுழையவில்லை. நீ அதைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கை தடவலிலேயே ஒட்டு போட்டாய். வெளியே வந்தபோது உன் முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருந்தது. மேலாளர் உட்பட எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் உன் தோளைத் தட்டி, "இவன்தாண்டா ஆம்பளை" என்றேன். உன் கண்ணில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. தகப்பனில்லாத பிள்ளை நீ. உன்னை அதுவரைக்கும் யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

அந்தக் கவசத்தைக் கழற்றியது நீ. அதைப் பெருமை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். முப்பது வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காக நீ வெறுங்கண்ணோடு வெட்டிக்கொண்டிருக்கிறாய். இப்போது உன் பையன்கள் உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக் கண்ணைச் சுருக்கப் பழகுகிறார்கள். நீயும் அவர்கள் தோளைத் தட்டுகிறாய். அதையும் செவ்வாய்க்கிழமை பார்த்தேன். விரல் போன பிள்ளைகூட, கட்டுப் பிரித்த கையால் டார்ச்சைப் பிடித்து, கண்ணாடியில்லாமல் ஒரு நேர்க்கோடு இழுத்துவிட்டு உன் முகத்தைத்தான் திரும்பிப் பார்த்தான். நீ சிரித்துத் தலையாட்டினாய். அவன் முகத்தில் அதே வெளிச்சம்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. இலை கெட்டுப்போகட்டும், வெளியே வா, மேசையைக் கழற்றிவிட்டு ஒட்டலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் இலைதான் போயிருக்கும். மேலாளர் என்னைத் திட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் உன்னைப் புகழ்ந்தேன்.

எனக்கு உன்னை இன்னொரு தடவை புகழ வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. உன் சுவரில் தொங்குகிற கவசத்தின் கண்ணாடி பொறி பட்டு அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருக்க வேண்டும். தோல் கையுறையின் கட்டைவிரல் கருகி, மடிந்து, உன் கை அளவுக்கு வளைந்துபோயிருக்க வேண்டும். முழங்கைவரை வருகிற தோல் சட்டை ஒன்று எண்ணெய் பிடித்துக் கிடக்க வேண்டும். டேப் சுற்றின டார்ச் குப்பையில் இருக்க வேண்டும், கம்ப்ரசருக்கு அடியில் தினமும் தண்ணீர் வடித்த ஈரம் தெரிய வேண்டும், நம் மலைக்காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கிறது. கதவு பாதி திறந்திருக்க, வெளியே உறிஞ்சித் தள்ளுகிற விசிறி ஓட, பையன்கள் பருத்திச் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு குளிரைத் தாங்கட்டும். நம் மலைக்குளிர் யாருடைய விரலையும் எடுக்காது. அப்படி ஒரு பட்டறையைப் பார்த்தால் ஔவை அதியமானின் வேல்களைச் சொன்ன மாதிரி நானும் சொல்வேன்: இங்கே எல்லாம் தேய்ந்து உடைந்து கிடக்கிறது என்று.

சனிக்கிழமை சந்தைக் கூட்டம். நான் செவ்வாய்க்கிழமைதான் வருவேன். முறுக்கி வைத்த அந்த இரண்டு ஒயரையும் பிரித்து வை, மூடியை நான் ஈப்போவிலிருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன். பிள்ளையின் சொக்சோ விஷயத்துக்கு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு வை. தாமதமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பினால் நானும் உன்னோடு வந்து கேட்கிறேன். கவசத்திலிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரித்துவிடு. மனசு வரவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும், நான் வந்து உரித்து உன் தலையில் மாட்டிவிடுகிறேன். பையன்கள் பார்க்கிற மாதிரி, வாசலில் நின்று.